டம்ப் கோப்புக்குள் என்ன இருக்கிறது? தளத்தின் தரவுத்தளத்தை பேக்கப் எடுப்பதும் திரும்ப ஏற்றுவதும்

வேர்டுபிரஸில் ஓடும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். சர்வரில் அது இரண்டு துண்டுகளாக இருக்கிறது. ஒன்று, கோப்புகள்: பிஎச்பி நிரல்கள், தீம், பிளகின்கள், நீங்கள் ஏற்றிய படங்கள். மற்றொன்று தரவுத்தளம்: எழுதிய கட்டுரைகள், பயனர் கணக்குகள், தளத்தின் அமைப்புகள் எல்லாம் மைஎஸ்கியூஎல்லிலோ மரியாடிபியிலோ (இரண்டும் தரவுத்தள மென்பொருள்கள்) டேபிள்களாகக் கிடக்கும். வேர்டுபிரஸ் தொலைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், தீமும் அப்படியே. உங்கள் கட்டுரைகளை இறக்கிக்கொள்ள வேறு இடம் கிடையாது.

எஃப்டிபியில் (சர்வரின் கோப்புகளைக் கணினிக்கு இழுக்கும் வழி) போய் மொத்த ஃபோல்டரையும் கணினிக்கு இழுத்து வைத்துவிட்டு ‘பேக்கப் இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஃபோல்டரில் ஒரு கட்டுரையின் ஒரு வரிகூட இருக்காது. மறுபக்கம், தரவுத்தளத்தை மட்டும் எடுத்து வைத்தால் படங்கள் வராது. படம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் தரவுத்தளத்தில் இருக்கும். இரண்டும் வேண்டும், கூடியவரை ஒரே நேரத்தில் எடுத்தவையாக வேண்டும். கோப்புகளை நகலெடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆட்கள் வழுக்கி விழுவது தரவுத்தளத்தில்தான், அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியே.

நகல் அல்ல, கட்டளைப் பட்டியல்

தரவுத்தளத்தை பேக்கப் எடுக்கும்போது கைக்கு வரும் எஸ்கியூஎல் கோப்பை டம்ப் என்பார்கள். பெயரைக் கேட்டால் உள்ளே இருப்பதை அப்படியே கொட்டி வைத்தது போலத் தோன்றும். ஆனால் அது தரவுத்தளத்தின் நகல் அல்ல. தரவுத்தளத்தை முதலிலிருந்து மறுபடி கட்டுவதற்கான கட்டளைகளின் பட்டியல்.

சின்ன டம்ப் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் ஏறக்குறைய இதே வரிசை வரும். முதல் கட்டளை: ‘இந்தப் பெயரில் டேபிள் ஏற்கெனவே இருந்தால் அழித்துவிடு.’ இரண்டாவது: ‘இன்னின்ன நெடுவரிசைகளோடு, இந்த எழுத்துக்குறி முறையில், புது டேபிள் ஒன்றை உருவாக்கு.’ மூன்றாவதாக, பல பக்கங்களுக்கு நீளும் ‘இவற்றையெல்லாம் அதில் சேர்.’ உங்கள் கட்டுரைகள் எல்லாம் இந்த மூன்றாவது கட்டளைக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தானாகவே விளங்கும். பட்டியலின் முதல் கட்டளையே ‘அழி’ என்பதால், தவறான தரவுத்தளத்தில் ஏற்றினால் அங்கே ஓடிக்கொண்டிருந்த டேபிள்கள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போய்விடும். கட்டளைகளை வேறொரு சர்வர் படிக்கப் போகிறது என்பதால், அதற்குப் புரியாத சொல் ஒன்று இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி, தரவைச் சட்டெனத் தேட உதவும் இன்டெக்ஸையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதால், 3 நிமிடத்தில் எடுத்த டம்ப் ஏறுவதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கலாம்.

‘எதற்கு இந்தச் சுற்றுவழி, சர்வரில் மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் ஃபோல்டரையே நகலெடுத்தால் என்ன’ என்று கேட்கத் தோன்றும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். மாற்றங்களில் ஒரு பகுதி நினைவகத்தில் இருக்கும், ஒரு பகுதி லாக் கோப்பில், மீதி டேபிள் கோப்பில். நகலெடுத்து முடிப்பதற்குள் மூன்றும் நகர்ந்துவிடும். அப்படி எடுத்த நகலை வைத்து மைஎஸ்கியூஎல் பெரும்பாலும் கிளம்பவே மறுக்கும். கோப்பு அளவில் சரியாக எடுக்கும் கருவிகள் தனியாக உண்டு, அவை பல நூறு ஜிபி தளங்களுக்கு. நமக்கு டம்ப் போதும்.

எடுப்பது

சின்னத் தளம், பகிர்வு ஹோஸ்டிங், சிபேனல் (ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கம்) என்றால் பிஎச்பிமைஅட்மின் (உலாவியிலேயே தரவுத்தளத்தைக் கையாளும் கருவி) போதும். இடதுபக்கம் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்து ‘எக்ஸ்போர்ட்’ போங்கள். ‘குவிக்’ வேண்டாம், ‘கஸ்டம்’ எடுங்கள். அங்கே ஜிசிப் (கோப்பைச் சிறிதாக்கும் நிரல்) சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘டிராப் டேபிள்’ பெட்டியையும் பாருங்கள். டிக் போட்டால், ஏற்றும்போது பழைய டேபிளை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். போடாமல் விட்டால், டேபிள் இருக்கிற இடத்தில் ஏற்றும்போது ‘டேபிள் ஏற்கெனவே இருக்கிறது’ என்று 1050ஆம் எண் பிழை காட்டி நின்றுவிடும். காலியான தரவுத்தளத்தில்தான் ஏற்றுவேன் என்று பழக்கப்படுத்திக்கொண்டால் டிக் போடாமல் விடுவதே பாதுகாப்பு.

பிஎச்பிமைஅட்மின் ஒரு வலைப்பக்கம் என்பதை மறக்க வேண்டாம். சர்வர் அனுமதிக்கும் நேரம் முடிந்தால் கோப்பு பாதியில் அறுந்துவிடும், உலாவியோ ‘டவுன்லோட் முடிந்தது’ என்று சாதாரணமாகச் சொல்லும். தளம் கொஞ்சம் பெருத்துவிட்டால் எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நுழைந்து நேரடியாகக் கட்டளை தரும் வழி) வழியாக உள்ளே போய் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற நிரலை ஓட்டுவதே சரி. மரியாடிபியின் புதிய பதிப்புகளில் அதே நிரலின் பெயர் மரியாடிபி-டம்ப்.

அதோடு சேர்க்க வேண்டிய விருப்பங்களில் முக்கியமானது சிங்கிள்-டிரான்சாக்‌ஷன். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? டம்ப் எடுக்க 4 நிமிடம் ஆகிறது, டேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முழுக்க டேபிள்களைப் பூட்டி வைத்தால் தளம் உறைந்துபோகும். பூட்டாமல் விட்டால், முதல் நிமிடத்தில் பயனர் டேபிள் எழுதி முடிந்திருக்கும். இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் புதிதாகக் கணக்குத் தொடங்கி ஒரு கட்டுரை போடுவார். மூன்றாவது நிமிடத்தில் கட்டுரை டேபிள் எழுதப்படும். டம்பில் கட்டுரை இருக்கும், எழுதியவர் இருக்க மாட்டார். சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் கொடுத்தால், டம்ப் தொடங்கிய நொடியில் தரவுத்தளம் எப்படி இருந்ததோ அந்த நிலைதான் கடைசிவரை கோப்பில் போகும். தளமும் நிற்காது.

இது இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டுமே வேலை செய்யும். மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பான வகை என்றாலும், அதற்கு முன் தொடங்கிய தளங்களில் மைஐசாம் டேபிள்கள் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிஎச்பிமைஅட்மினின் டேபிள் பட்டியலில் ‘டைப்’ நெடுவரிசையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மைஐசாம் இருந்தால் பூட்டித்தான் எடுக்க வேண்டும், அல்லது முதலில் இன்னோடிபிக்கு மாற்றிவிட வேண்டும்.

எழுத்துக்குறி முறையை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் விதியை, யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில். பகிர்வு ஹோஸ்டிங்கில் ‘பிராசஸ் உரிமை இல்லை’ என்று பிழை வந்தால் நோ-டேபிள்ஸ்பேசஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போய்விடும். அந்த உரிமையைக் கேட்பது மைஎஸ்கியூஎல் 8.0.21இல் வந்த மாற்றம். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதாதீர்கள். ஹோம் ஃபோல்டரில் மைஎஸ்கியூஎல்லின் அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுதி, அனுமதியை 600 ஆக்கி வையுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் டம்ப் எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. கட்டளைக்குப் பின்னால் அம்புக்குறி போட்டுக் கோப்பில் சேமித்தால் பவர்ஷெல் அதை யுடிஎஃப்-16 ஆக மாற்றி எழுதிவிடும், அந்தக் கோப்பு எங்கும் ஏறாது. ரிசல்ட்-ஃபைல் என்ற விருப்பத்தில் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

எடுத்து முடித்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் வேலையை முழுதாக முடித்திருந்தால், கோப்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு ஒரு குறிப்பு இருக்கும். அந்த வரி இல்லையென்றால் பாதிக் கோப்பு. இரண்டாவது, கோப்பின் அளவு. டம்பை நேராக ஜிசிப்புக்குள் செலுத்திச் சுருக்குவது எல்லோருடைய வழக்கம். கடவுச்சொல் மாறிப்போய் மைஎஸ்கியூஎல்டம்ப் முதல் வரியிலேயே தோற்றாலும், ஜிசிப் தன் பங்குக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதை அழகாகச் சுருக்கி ஒரு கோப்பு வைத்துவிடும். அந்தக் கோப்பின் அளவு சரியாக 20 பைட். தேதி வாரியாக முப்பது கோப்புகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் 20 பைட்! பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் பைப்ஃபெயில் என்ற பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) அமைப்பைப் போட்டுவிட்டால் இந்தத் தோல்வி வெளியே தெரியும்.

எடுத்த கோப்பைத் தளத்தின் பொது ஃபோல்டரில் போட்டு வைக்காதீர்கள். பேக்கப், டிபி போன்ற எளிதில் ஊகிக்கக்கூடிய பெயர்களைத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக எல்லாத் தளங்களிலும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அத்தனையும் அந்த ஒரு கோப்பில் இருக்கின்றன.

தமிழ் உடைவது எப்படி

தமிழ்த் தளம் நடத்துபவர்களைப் பாடாய்ப் படுத்துவது இந்த இடம்தான். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். மைஎஸ்கியூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்று பெயர் கொண்ட பழைய முறை 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழ் அதில் சரியாகவே உட்காரும். 4 பைட் கேட்கும் எமோஜிதான் அடிபடும். அதற்காக வந்ததுதான் யுடிஎஃப்8எம்பி4. புதிதாக எதை உருவாக்கினாலும் இதையே தேர்ந்தெடுங்கள்.

உண்மையான தொல்லை அதற்கும் முந்தைய தளங்களில். டேபிள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று அறிவிக்கப்பட்டிருக்கும், பிஎச்பியும் லத்தீன்1 என்று சொல்லித்தான் இணைந்திருக்கும், ஆனால் அனுப்பியது யுடிஎஃப்-8 பைட்டுகள். போகும்போதும் வரும்போதும் யாரும் கை வைக்காததால் தளத்தில் தமிழ் பளிச்சென்று தெரியும். டம்ப் எடுக்கும்போதுதான் மைஎஸ்கியூஎல் ‘இது லத்தீன், நான் யுடிஎஃப்-8ஆக மாற்றித் தருகிறேன்’ என்று உதவிக்கு வரும். ஏற்கெனவே யுடிஎஃப்-8ஆக இருந்ததை இன்னொரு முறை மாற்றிவிடும். விளைவு, திரும்ப ஏற்றியதும் தலையில் கோடு போட்ட லத்தீன் ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரும் குப்பை. தமிழ்க் குறிகள் எல்லாம் ஒரே இரண்டு மூன்று பைட்டுகளில் தொடங்குவதால்தான் அந்தச் சின்னங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

அப்படித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. பழைய சர்வரிலிருந்து மறுபடி டம்ப் எடுங்கள். இந்த முறை எழுத்துக்குறி முறையை லத்தீன்1 என்று கொடுத்து, ஸ்கிப்-செட்-சார்செட் விருப்பத்தையும் சேருங்கள். இப்போது மாற்றம் எதுவும் நடக்காது. கோப்பில் டேபிள்களை உருவாக்கும் கட்டளைகளில் லத்தீன்1 என்று இருப்பதை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லியே ஏற்றுங்கள். தமிழ் வந்துவிடும்.

குப்பைக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். எழுத்தை வைக்க இடமில்லாமல் சர்வர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேள்விக்குறியை எழுதியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது, அதற்கு முந்தைய டம்பைத் தேட வேண்டியதுதான். டம்பைத் திறந்து ஒரு கட்டுரைத் தலைப்பாவது தமிழில் தெரிகிறதா என்று எடுத்த அன்றே பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

ஏற்றுவது

தளம் விழுந்த பதற்றத்தில் முதலில் செய்யத் தோன்றுவது, பழைய டம்பை எடுத்து அப்படியே மேலே ஏற்றிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். உடைந்த தரவுத்தளத்தையும் முதலில் ஒரு டம்ப் எடுங்கள். நேற்றைய பேக்கப்பில் இல்லாத இன்றைய கட்டுரைகள் அதில்தான் இருக்கின்றன.

பிறகு புதிதாக ஒரு காலித் தரவுத்தளம் உருவாக்குங்கள், யுடிஎஃப்8எம்பி4 முறையில். சிபேனலில் பெயருக்கு முன்னால் உங்கள் கணக்கின் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும், அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பயனர் ஒருவரை உருவாக்கி, அந்தத் தரவுத்தளத்தில் எல்லா உரிமையும் கொடுங்கள். டம்பை அதில் ஏற்றுங்கள். ஏறி முடிந்து சரிபார்த்த பிறகுதான் வேர்டுபிரஸின் கான்ஃபிக் கோப்பில் தரவுத்தளப் பெயரைப் புதியதற்கு மாற்ற வேண்டும். ஏதாவது தப்பாகிவிட்டால் அந்த ஒரு வரியைப் பழையபடி ஆக்கினால் போதும்.

பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றும்போது முதலில் மோதுவது அளவு வரம்பு. பிஎச்பியின் இயல்பான ஏற்ற வரம்பு 2 எம்பிதான். ஹோஸ்டிங்காரர்கள் கூட்டி வைத்திருப்பார்கள். உங்கள் சர்வரின் வரம்பு இம்போர்ட் பக்கத்திலேயே எழுதியிருக்கும். கோப்பு அதைவிடப் பெரிது என்றால் எஸ்எஸ்எச் வழியே மைஎஸ்கியூஎல் கட்டளையால் ஏற்றுங்கள்.

இங்கே ஆளை ஏமாற்றும் ஒரு கோளாறு உண்டு. பிஎச்பிமைஅட்மின் தயாரிக்கும் டம்பில் இன்டெக்ஸும், புது வரிசைகளுக்குத் தானாக எண் போடும் அமைப்பும் கோப்பின் கடைசியில்தான் வரும். ஏற்றுவது கடைசி நேரத்தில் நின்றுபோனால் எல்லாக் கட்டுரைகளும் வந்திருக்கும், தளமும் திறக்கும், வேலை முடிந்தது என்றே தோன்றும். புதிதாக ஒன்றை எழுதிச் சேமிக்கும்போதுதான் சேமிக்க மறுக்கும், அல்லது எண் 0 என்று சேமிக்கும். அதனால் ஏற்றிய பிறகு பழைய கட்டுரைகளைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், புதிதாக ஒரு வரைவும் சேமித்துப் பாருங்கள்.

தளத்தைத் திறந்தால் வேர்டுபிரஸின் ‘நிறுவுங்கள்’ பக்கம் வருகிறதா? தரவு போய்விடவில்லை. டம்பில் உள்ள டேபிள் பெயர்களின் முன்னொட்டும் கான்ஃபிக் கோப்பில் உள்ள முன்னொட்டும் வேறு வேறு. அவசரத்தில் நிறுவு பட்டனை அழுத்தாதீர்கள், பழையவற்றுக்குப் பக்கத்திலேயே புது டேபிள்கள் முளைத்துக் குழப்பம் இரட்டிப்பாகும். முன்னொட்டைச் சரிசெய்தால் போதும்.

சர்வர் மாறும்போது வரும் பிழைகள் சில. ‘தெரியாத கொலேஷன்’ என்று 1273ஆம் எண் பிழை வந்தால், டம்ப் மைஎஸ்கியூஎல் 8இலிருந்து எடுத்தது, ஏற்றும் இடம் பழைய மைஎஸ்கியூஎல்லாகவோ மரியாடிபியாகவோ இருக்கும். கொலேஷன் என்பது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. மைஎஸ்கியூஎல் 8இன் இயல்பு விதியின் பெயரில் 0900 என்று வரும், மரியாடிபியின் பல பதிப்புகளுக்கு அது தெரியாது. கோப்பில் அந்தப் பெயரை யூனிகோட்_520_சிஐ என்று முடியும் பெயராக மாற்றினால் இரண்டுமே ஏற்றுக்கொள்ளும். நேர்மாறாக, மரியாடிபியில் எடுத்ததை மைஎஸ்கியூஎல்லில் ஏற்றும்போது முதல் வரியிலேயே ‘தெரியாத கட்டளை’ என்று நின்றால், 2024இலிருந்து மரியாடிபி டம்பின் உச்சியில் சேர்க்கும் ‘சாண்ட்பாக்ஸ்’ வரிதான் காரணம். அந்த ஒரு வரியை நீக்கினால் மீதி ஏறிவிடும். ‘சர்வர் போய்விட்டது’ என்ற பொருளில் 2006ஆம் எண் பிழை வந்தால், டம்பில் உள்ள ஒரு சேர்ப்புக் கட்டளை சர்வர் ஒரே வாயில் விழுங்கும் அளவைவிடப் பெரிது. மேக்ஸ்-அலவ்டு-பாக்கெட் அளவைக் கூட்ட வேண்டும்.

டொமைன் மாறினாலோ, ஹெச்டிடிபியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் போனாலோ டம்பை நோட்பேடில் திறந்து முகவரியைத் தேடி மாற்றும் ஆசை வரும். கூடாது. வேர்டுபிரஸ் தன் அமைப்புகளில் பலவற்றைச் சரத்தின் நீளத்தோடு சேர்த்தே எழுதி வைக்கிறது, அதுவும் பைட் கணக்கில். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் 5 குறி. பிஎச்பி அதன் முன்னால் எழுதும் நீளம் 15. முகவரியில் ஒரே ஓர் எழுத்து கூடினாலும் நீளம் பொருந்தாமல் அந்த அமைப்பை வேர்டுபிரஸ் படிக்காமல் விட்டுவிடும். விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். டம்பை அப்படியே ஏற்றிவிட்டு, பிறகு டபிள்யூபி-சிஎல்ஐயின் (வேர்டுபிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) சர்ச்-ரீப்ளேஸ் கட்டளையால் மாற்றுங்கள். அது நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

எத்தனை, எங்கே, எப்போது

எவ்வளவு நேரத்து எழுத்தை இழந்தால் உங்களால் தாங்க முடியும் என்பதுதான் இடைவெளியைத் தீர்மானிக்கும். வாரம் ஒரு கட்டுரை போடும் தளத்துக்குத் தினம் ஒரு டம்ப் தாராளம். ஆர்டர் வரும் கடைக்கு மணிக்கு ஒன்றுகூடப் போதாமல் போகலாம். குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் விடிகாலை 3 மணிக்கு ஓடும்படி வையுங்கள். தினசரி 7, வாராந்தரம் 4, மாதாந்தரம் 6 என்று வைத்துக்கொள்வது நல்ல கணக்கு. யாரோ உள்ளே புகுந்து மூன்று வாரம் கழித்துத்தான் உங்களுக்குத் தெரிய வருகிறது என்றால், 7 நாள் பேக்கப் அத்தனையும் கெட்டுப்போனவையாகவே இருக்கும். சர்வர் இருக்கும் அதே கணக்கில் மட்டும் வைக்காமல் ஒரு பிரதியாவது வேறு நிறுவனத்திடமோ வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கட்டும். ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் இன்னொன்றிலும் செய்வது) இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: இங்கே அழித்தால் அடுத்த நொடி அங்கேயும் அழியும்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில் பொறியாளர் ஒருவர் சர்வர் மாறிப்போய் முதன்மைத் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். கட்டளையை நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அவர்களிடம் பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தன. அவர்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் டம்ப் நிரல், சர்வர் 9.6 பதிப்பாக இருக்க 9.2 பதிப்பில் ஓடித் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டது. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க் அந்த நொடியில் இருந்த நிலையின் பிரதி) காப்பாற்றியது. மெதுவான டிஸ்க்கிலிருந்து அதை நகலெடுத்துத் தளத்தை எழுப்பச் சுமார் 18 மணி நேரம் ஆனது. இவை அத்தனையையும் அவர்களே பொதுவில் எழுதி வைத்தார்கள்.

மாதம் ஒருமுறை, சமீபத்திய டம்பை உங்கள் மடிக்கணினியில் எக்ஸ்ஏஎம்பிபி (சொந்தக் கணினியிலேயே சர்வரை ஓட்டும் தொகுப்பு) போட்டு ஏற்றிப் பாருங்கள். டேபிள்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வரிசைகளுக்கு பிஎச்பிமைஅட்மின் பட்டியலில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். இன்னோடிபிக்கு அது தோராயம்தான், கவுண்ட் கட்டளையால் எண்ணிக்கொள்ளுங்கள். தமிழ்த் தலைப்பு ஒன்று, பயனர் நுழைவு, புது வரைவு, படம் ஒன்று என நாலையும் பார்த்துவிட்டு, ஏற்ற எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள். தளம் விழுந்த அன்று ‘எப்போ வரும்’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அந்த எண் வேண்டும்.